காருக்குள் ஓர் இரும்புக்கூடு



போன பெருநாள் விடுமுறையில், டுபாயில் ஒரு கராஜில் வேலை செய்யும் நமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். போனில் ஒரு படம் காட்டினார். சிவப்பு நிற மஸ்டா எம்எக்ஸ்-5, கூரை இல்லாத சின்னஞ்சிறு கார். உள்ளே சீட், கார்பட் எல்லாம் கழற்றி வெறும் தகடு மட்டும் கிடந்தது. அதன் மேல் கறுப்புக் குழாய்களால் ஒரு கூடு.

"ரோல் கேஜ், சேர். கார் புரண்டாலும் ஓட்டுறவர் நசுங்கிப் போகமாட்டார். டிராக் டேக்குப் போறவங்க இதப் போட்டுட்டுத்தான் போவாங்க."

டிராக் டே என்றால் போட்டி அல்ல. ரேஸ் ஓடும் மைதானத்தில் காசு கட்டி, நம்முடைய காரை நாமே வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்.

"நீங்க சரித்திரம் படிப்பிச்சீங்களே, இதுக்கும் ஒரு சரித்திரம் இரிக்கா?" என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டோம். இரண்டு கிழமை கழித்து அவருடைய சாச்சாவின் மகன், நம்மூரிலேயே இருப்பவர், அதே படத்தை வெல்டிங் பாஸிடம் காட்டி, தன் பழைய ஜப்பான் காருக்குள் போட தண்ணீர்ப் பைப் நான்கு வாங்கி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து வாசித்தோம். வாசித்ததை இங்கே எழுதுகிறோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் விமான ஓடுதளங்கள் பல சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டோன் அப்படி ஒன்று. 1948இல் அங்கே கிராண்ட் பிரீ ஓடினார்கள். (நமது களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்தவும் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம்தான். பிறகு அங்கேயும் கார் ரேஸ் நடந்தது.) அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் சீட் பெல்ட் கட்டவில்லை. கார் தீப்பிடித்தால் உள்ளே மாட்டிக்கொள்வதை விட வெளியே தூக்கி எறியப்படுவது நல்லது என்பது அவர்கள் கணக்கு. பக்கத்திலேயே பெற்றோல் டாங்கி. அந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1957இல் கொலின் சப்மன் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். மெல்லிய உருக்குக் குழாய்ச் சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு, நாலு சக்கரம். ஏறக்குறைய 500 கிலோதான். வரியை மிச்சம் பிடிக்க, பாகம் பாகமாக விற்று வாங்குபவரையே பூட்டிக்கொள்ள விட்டார்கள். எடை குறைந்தால் வளைவில் பிடிக்கும், பிரேக்கும் பிடிக்கும். 1989இல் வந்த எம்எக்ஸ்-5உம் அந்த இலேசான கார்களின் வழியில் வந்ததுதான். சந்தோஷமான கார்கள். புரண்டால் மட்டும் தரைக்கும் தலைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் சட்டத்தை நம்பித் தலையைக் கொடுக்க முடியாது.

1958இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ஓட்டத்தில் முதல் சுற்றிலேயே பல கார்கள் மோதி, பட் ஓ'கானரின் கார் குப்புறக் கவிழ்ந்து அவர் மரணமானார். அடுத்த வருடமே அங்கு ரோல் பார் கட்டாயம். ரோல் பார் என்பது முழுக்கூடு அல்ல, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஒரு வளைவு. ஃபோர்முலா வன்னில் 1961இல் கட்டாயமாக்கினார்கள்.

அங்கேதான் நமக்கு மிகவும் யோசனை தந்த விஷயம் இருக்கிறது. சட்டம் வந்தது, வளைவும் வந்தது. ஆனால் அன்றைய படங்களைப் பாருங்கள்: பல கார்களில் அந்த வளைவு ஓட்டுபவரின் ஹெல்மட்டை விடத் தாழ்வு. கார் கவிழ்ந்தால் முதலில் தரையில் படுவது தலைதான். சட்டத்துக்குக் காட்ட ஒரு பைப், அவ்வளவுதான். தலையை விட உயரமாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் விதியில் வந்தது.

1966இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழையில் ஜக்கி ஸ்டுவர்ட்டின் கார் பாதையை விட்டுப் பாய்ந்தது. பெற்றோல் ஊறிய காருக்குள் 25 நிமிடமளவு மாட்டிக் கிடந்தார். ஸ்டீரிங்கைக் கழற்ற ஸ்பெனர் இல்லை. கூட ஓடிய கிரஹம் ஹில்லும் பொப் பொண்டுரண்டும், பார்க்க வந்த ஒருவரின் காரிலிருந்து ஸ்பெனர் வாங்கிக் கழற்றி அவரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டுவர்ட் தன் ஸ்டீரிங்கிலேயே ஒரு ஸ்பெனரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினார்.

1970 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் யோகன் ரிண்ட். பெல்ட் போட்டிருந்தார், ஆனால் தொடைகளுக்கு நடுவால் வரும் பட்டியைக் கட்டவில்லை. தீப்பிடித்தால் சீக்கிரம் இறங்க வேண்டும் என்ற பழைய பயம். மோதியபோது உடம்பு கீழே வழுக்கி, அந்தப் பெல்ட்டின் கொளுக்கியே கழுத்தை வெட்டியது. அந்த வருடச் சம்பியன் பட்டம் மரணமான பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. ஆறு முனைப் பெல்ட் 1972இல் கட்டாயமானது.

இதை வைத்து நம்மூர்த் தம்பியிடம் பேசினோம். கூடு, பெல்ட், சீட், ஹெல்மட் நான்கும் ஒரே பொருள். ஒன்றை மட்டும் வாங்கினால் சில வேளை ஒன்றும் வாங்காததை விட மோசம். கூரை இல்லாத காரில் ரோல் பார் போடாமல் ரேஸ் பெல்ட் மட்டும் கட்டினால், கார் புரளும்போது குனியக்கூட முடியாது. நேராக உட்கார்ந்தபடியே தலை தரையில் மோதும். முழுக்கூடு போட்டு, ஹெல்மட் இல்லாமல் பிரதான வீதியில் ஓட்டினால், சின்ன மோதலிலேயே தலை அந்தப் பைப்பில் அடிபடும். மெத்தை சுற்றினாலும் அது ஹெல்மட் போட்ட தலைக்கான மெத்தை. தம்பி நினைத்திருந்தது இதைத்தான்: கூட்டைப் போட்டுவிட்டு அதே காரில் தினமும் கடைக்கும் போவது.

அடுத்தது பைப். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏயின் விதி, பின்பக்கப் பிரதான வளைவுக்கு நீளவாக்கில் ஒட்டு இல்லாத உருக்குக் குழாய் கேட்கிறது. வெளிவிட்டம் 45 மி.மீ. என்றால் சுவர்த் தடிப்பு 2.5 மி.மீ., 50 மி.மீ. என்றால் 2 மி.மீ. ஒரே குழாயாக, நசுங்காமல் வளைக்க வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. காரின் தரைத் தகடு மெல்லியது. குழாயை அப்படியே அதில் வெல்ட் பண்ணினால், புரளும்போது பனங்கிழங்கு மண்ணில் இறங்குவது போல் இறங்கிவிடும். அதனால் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே 3 மி.மீ. தடிப்பில், குறைந்தது 120 சதுர சென்ரிமீட்டர் பரப்பில் ஒரு தகடு. அது ஓர் உள்ளங்கையளவு. போல்ட் பூட்டுவதென்றால் குறைந்தது மூன்று.

ஜீஐ பைப் தண்ணீர் கொண்டுபோகச் செய்தது. அதில் என்ன உருக்கு என்று விற்பவருக்கும் தெரியாது. மேலே பூசிய நாகம் வெல்டிங் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் பாஸுக்கும் காய்ச்சல் பிடிக்கும். பாஸ் மேல் குறை இல்லை. கேற் செய்யத் தெரிந்தவரிடம் உயிர்க்கூடு கேட்டால் அவர் கேற்றைத்தான் செய்வார்.

"பெரிய கம்பனி செய்தா சரியா வருமா சேர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2022 ஜூலையில் அதே சில்வர்ஸ்டோனில் சூ குவான்யுவின் ஃபோர்முலா வன் கார் தலைகீழாகப் புரண்டு சறுக்கியபோது, எல்லாப் பரிசோதனையும் கடந்த ரோல் வளைவே உடைந்து போனது. 2018இல் கட்டாயமாக்கப்பட்ட ஹேலோ, அதாவது ஓட்டுபவரின் தலையைச் சுற்றி வரும் வளையம், அவரைக் காத்தது. அதற்குப் பிறகு விதியை இன்னும் இறுக்கினார்கள். ஹேலோ வந்தபோது அழகைக் கெடுக்கிறது என்று திட்டியவர்கள் கொஞ்சப் பேர் அல்லர்.

தம்பி கொஞ்சம் கோபித்துக்கொண்டுதான் போனார். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 முதல் நடக்கிறது, ஒரு நாளைக்கு அங்கே ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையில் நாம் பிழை காணவில்லை. நோன்பு இரவுகளில் நம்மூர் வீதியில் ஓடுவதை விட அது எவ்வளவோ மேல்.

நேற்று மெசேஜ் வந்தது. இரண்டு பைப்பைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டாராம். வெட்டிய இரண்டும் உம்மாவின் உடுப்புக் கொடிக்கு. ஹெல்மட்டுக்குக் காசு சேர்க்கிறார். எஃப்ஐஏயின் வரைபடங்களை டுபாய்க் காக்கா அனுப்பியிருக்கிறார், எல்லாம் ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் வீட்டு விறாந்தையில் இருந்து பார்க்கப் போகிறோம். வரைபடம் வாசிக்கத் தெரிந்த தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது வந்தால் உதவியாக இருக்கும். வெல்டிங் பாஸையும் கூப்பிட்டிருக்கிறோம்.