பந்தியும் பெட்டியும்: மாரெட்பள்ளியின் பிறந்தநாள் உணவு

இந்திய நகரங்கள் பலவற்றைப் போலவே, செகந்தராபாத்தின் மாரெட்பள்ளியிலும் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு அட்டைப்பெட்டியில் உணவு வைத்துக் கொடுப்பது இன்று இயல்பாகிவிட்டது. இதனை அவசர வாழ்வின் அடையாளமென்று ஒதுக்கிவிடலாம். எனினும், உணவு எதில் வைக்கப்பட்டது, யார் அருகில் அமர்ந்து உண்ணப்பட்டது என்னும் இரு கேள்விகளோடு அணுகினால், அச்சிறு பெட்டிக்குள் நெடியதொரு சமூக வரலாறு அடங்கியிருப்பது புலப்படும்.

தமிழ் மரபில் பிறந்தநாள் முதலில் அரசனுக்குரியது. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைப் பெருமங்கலம் என்று பாடாண் திணையில் வைக்கிறது. முதலாம் இராசராசனுக்குச் சதயமும், முதலாம் இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரையும் கோயில் விழா நாள்களாயின. இல்லங்களில் குழந்தைக்குச் சிறப்பாக அமைந்தது முதலாம் ஆண்டு நிறைவே. அதுவும் நட்சத்திரம் பார்த்து, உறவினரைப் பந்தியில் அமர்த்தி இலை போட்டு நடந்தது. ஆங்கிலத் தேதியில், ஆண்டுதோறும், வகுப்புத் தோழர்களை அழைத்துக் கொண்டாடும் வழக்கம் பள்ளிப் பதிவேட்டோடு வளர்ந்தது.

'தனித்தனிப் பங்கு' என்பது பெட்டியின் புதுமையன்று. எச்சில் குறித்த கட்டுப்பாடு வலுவாக இருந்த சமூகத்தில், ஒருவர் உண்டு எறியும் இலையே மிகப் பழைய தனிப்பாத்திரம். தெலங்கானாவில் மோதுக இலைகளை ஈர்க்கால் தைத்துச் செய்யும் விஸ்தரியும் அதே பணியைச் செய்தது. இலை தனி, வரிசை பொது என்பதே பந்தியின் இலக்கணம். அவ்வரிசையில் யாருக்கு இடமுண்டு என்பதே பூசலுக்குரிய வினாவாக இருந்தது.

அவ்வினா குழந்தைகளை முன்னிட்டே தமிழகத்தை உலுக்கியது. வ. வே. சு. ஐயர் சேரன்மகாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது 1924–25-இல் பெரும் போராட்டமாக மூண்டது. தமிழ்நாடு காங்கிரசின் நிதியுதவி பெற்ற நிறுவனத்தில் இப்பாகுபாடு கூடாதென்று வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் வாதிட்டனர். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அங்கு எழுந்த கேள்வி உணவின் அளவையோ சுவையையோ பற்றியதன்று. அமரும் இடத்தைப் பற்றியது.

மாரெட்பள்ளியின் சூழல் வேறு. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான செகந்தராபாத்தில் நிலைகொண்டிருந்தது மதராஸ் இராணுவத்தைச் சார்ந்த படை. படையோடும் வணிகத்தோடும் தமிழர் வந்தனர். 1874-இல் இருப்புப்பாதை வந்தது. 1966-இல் தென் மத்திய ரயில்வேயின் தலைமையகம் இந்நகரில் அமைந்தது. இத்தகைய நகரில் தெலுங்கு, உருது, மராத்தி பேசும் இல்லங்கள் அருகருகே அமைந்தன. பிறந்தநாளுக்கு அழைக்கப்படும் தோழர்களுள் புலால் உண்பவரும், முட்டை தவிர்ப்பவரும், வெங்காயம் தொடாதவரும் இருக்கக்கூடும்.

பெட்டியின் தொழில்நுட்பம் வேறோரிடத்தில் பிறந்தது. 1879-இல் நியூயார்க்கில், காகிதப்பை செய்துவந்த ராபர்ட் கேரின் ஆலையில், மடிப்புக்கோடு பதிக்க வேண்டிய உலோகத் தகடு தவறித் தாளை வெட்டிவிட்டது. வெட்டையும் மடிப்பையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாம் என்று அவர் கண்டுகொண்டதிலிருந்து மலிவான மடிப்பு அட்டைப்பெட்டி பிறந்தது. 2020-இன் பெருந்தொற்று, பொதுப் பாத்திரத்திலிருந்து பரிமாறுவதை அச்சத்துக்குரியதாக்கிப் பெட்டியின் தேவையைக் கூட்டியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் நெகிழிக் கரண்டி, தட்டு, பலூன் குச்சி, இனிப்புப் பெட்டியைச் சுற்றும் நெகிழித்தாள் ஆகியவை இடம்பெற்றன. அட்டையும் மரக்கரண்டியும் அவ்விடத்தை நிரப்புகின்றன.

பெட்டி நிரப்புவதும் ஒரு கைத்திறனே. சூட்டோடு மூடினால் ஆவி படிந்து வடை நமத்துவிடும். ஆகவே ஆறிய பின்னரே மூட வேண்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். சாம்பாரும் சட்னியும் ஒழுகும். கேக் துண்டுக்குத் தனிக் காகிதக் கிண்ணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடியில் குழந்தையின் பெயர்ச்சீட்டு வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அச்சீட்டே பாதுகாப்பு.

அப்பெயர்ச்சீட்டில்தான் வரலாறு மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரு குழந்தையின் உடல்நலத்தை மதித்து உணவைப் பிரிப்பது அக்கறை. யார் யாரோடு அமர்வது என்ற கேள்வியே எழாதபடி பிரித்துக் கொடுப்பது, பழைய பந்திப் பாகுபாட்டின் ஓசையற்ற வடிவம். இரண்டுக்கும் ஒரே பெட்டி பயன்படுகிறது. வெளித்தோற்றத்தில் இவற்றை வேறுபடுத்தவும் இயலாது. பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் அதனைக் கண்டார், எதிர்த்துப் போராடவும் முடிந்தது. பெட்டி யாருக்கும் எதையும் மறுப்பதில்லை. சமமான பங்கை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறது. எதிர்ப்பதற்குரிய வரிசையே அங்கு இல்லை.

எனவே பெட்டியைச் சமத்துவத்தின் வெற்றி என்றோ கூட்டுணவின் வீழ்ச்சி என்றோ தீர்ப்பெழுதும் முன், ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அது திறக்கப்படும் இடத்தை. வாசலில் கையளிக்கப்பட்டு, குழந்தை தன் வீட்டில் தனியே திறக்கும் பெட்டி ஒன்று. அனைவரும் வட்டமாகத் தரையில் அமர்ந்து, ஒரே நேரத்தில் மூடி திறந்து, தத்தம் பங்கிலிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு முறுக்கை ஒடித்துக் கொடுக்கும் பெட்டி மற்றொன்று. உணவும் அட்டையும் ஒன்றே. சேரன்மகாதேவியில் எழுந்த கேள்விக்கு அவ்விரண்டும் அளிக்கும் விடை ஒன்றன்று.