மறைக்கத் தெரியாத பருவம்: ஒரு புறநானூற்றுப் பாடலும் இராமநாதபுரத்தின் 11 தடைகளும்



நமக்கு முன்னே உழைத்து மறைந்தவர்களை நினைவுகூர உத்தரகோசமங்கையில் கூடியிருக்கிறோம். குழந்தைமையை இழப்பது பற்றிய ஒரு பழைய பாடலை முன்வைத்து நம் மாவட்டத்தின் வரலாற்றை இன்று பேசுவோம். புறநானூற்றின் 243ஆவது பாடல் அது. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை அழைக்கிறோம்.

ஒரு கிழவர் தன் சிறுவயதை நினைத்துப் பேசுகிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டினார்கள். குளத்தில் பெண்பிள்ளைகளோடு கைகோத்து ஆடினார்கள். கூட இருந்தவர்கள் எதையும் மறைக்கத் தெரியாத, வஞ்சனை இல்லாத தோழர்கள். நீரை ஒட்டிச் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க ஆழத்தில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டினார்கள். எதையும் கற்றறியாத அந்த இளமை இப்போது எங்கே போயிற்று என்று, கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே கேட்கிறார்.

வகுப்பறையில் இதை முதுமையின் ஏக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியான விளக்கம்தான். ஆனால் சமூகவியல் படித்தவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அந்தக் கிழவரின் குழந்தைமையை எடுத்தது யார்? காலம் எடுத்தது. எல்லோரிடமிருந்தும் எடுப்பதுபோல், மெதுவாக, ஒரு முழு வாழ்வைக் கொடுத்துவிட்டு எடுத்தது. நம் பிள்ளைகளிடம் காலம் வந்துசேரும்வரை ஊர் காத்திருப்பதில்லை.

பாடலின் களம் ஒரு குளம். நம் மாவட்டத்தில் குளம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்துவைத்தால்தான் விவசாயம், குடிநீர் எல்லாம். பல ஊர்களில் நீர்பாய்ச்சியாக மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டவர்கள் நம்மவர்கள். ஊர்த் தண்ணீரின் கணக்கைக் கையில் வைத்திருந்தவரின் பிள்ளைக்கு ஊருணிப் படித்துறை மறுக்கப்பட்டது. அந்தப் பிள்ளை எந்தக் கிளையிலிருந்து குதிக்கும்?

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் 1901ஆம் ஆண்டின் ஒரு பயணத்தை எழுதியிருக்கிறார். பத்து வயதை எட்டாத சிறுவன், சதாராவிலிருந்து தந்தை வேலை பார்த்த ஊருக்கு, புத்தாடை உடுத்தி, உறவுப் பிள்ளைகளோடு ரயிலேறிப் போகிறான். சாதி தெரிந்ததும் மாட்டுவண்டி கிடைப்பதே பெரும்பாடாகிறது. கையில் சோறு இருந்தும் இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதுவரை தீண்டாமை தமக்கு இயல்பான ஒன்றாகவே இருந்தது, அந்தப் பயணம்தான் அதைப் பற்றி யோசிக்க வைத்தது என்கிறார்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அவர் பிறந்த புதுப்பட்டியும் அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தான். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பள்ளிவிட்டு வரும் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணன் காரணத்தை விளக்கியதும் சிரிப்பு நின்று கோபம் வருகிறது. படித்து முன்னேற வேண்டும் என்று அண்ணன் பின்னர் சொல்வதும் அந்த நூலில் இருக்கிறது.

இந்த இரண்டையும் புறநானூற்றுப் பாடலின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். மறைக்கத் தெரியாமை என்பதே அந்தப் பாடலில் குழந்தைமையின் இலக்கணம். நம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலில் கற்பது மறைத்தலை. “எந்தத் தெரு?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை வாய்ப்பாட்டுக்கு முன்பே அது கற்றுக்கொள்கிறது.

பாடல் கற்றறியாத பருவத்தைப் பேறாகச் சொல்கிறது. நம் மாவட்டத்திலோ கல்லாமை ஒரு சட்டமாகவே எழுதப்பட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை, குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின.

அந்த எட்டும் சரிவரப் பின்பற்றப்படவில்லை என்று 1931 ஜூனில் மறுபடி கூடி 11 தடைகள் போட்டார்கள். இப்போது தேவேந்திரகுல வேளாளர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். பானைக்கு அடியில் துணி வைக்கக் கூடாது, வைக்கோல்தான். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதார்களின் மாடு மேய்ப்பது மட்டுமே அவர்கள் வேலை.

தோழர்களே, இந்தப் பட்டியலை வெறும் கொடுமைப் பட்டியலாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது. எட்டு ஏன் பதினொன்றாகியது? நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எட்டுக்கும் கட்டுப்படவில்லை. தாக்கப்பட்ட பிறகும் கட்டுப்படவில்லை. அதனால்தான் இரண்டாவது பட்டியல் குழந்தைகளை நேரடியாகக் குறிவைத்தது. குடை பிடித்தவரை அடித்தால் குடையைப் பறிக்கலாம். எழுத்தைக் கற்ற பிள்ளையிடமிருந்து எழுத்தைப் பறிக்க முடியாது. இது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உத்தரகோசமங்கையைப் பெயர் சொல்லிப் பாடும் மாணிக்கவாசகரின் திருப்பொன்னூசல், பெண்கள் ஊஞ்சலாடும் விளையாட்டுப் பாட்டு. புறநானூற்றிலோ மணற்பாவைக்குக்கூடப் பூ உண்டு. இவ்வளவு பழைய விளையாட்டு மரபைப் பெருமை பேசும் மண்ணில், உயிருள்ள நம் பெண்களின் கூந்தலில் பூ இருப்பதைக் குற்றமென்றார்கள்.

அன்று எதிர்த்துச் சொல்ல அரசு ஆணைகள் இல்லாமல் இல்லை. பொதுத் தெருவும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று ஆர். வீரையன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அதே ஆண்டில்தான் முதுகுளத்தூர் வட்டத்துச் செல்லூரில் இமானுவேல் சேகரன் பிறந்தார். 11 தடைகள் எழுதப்பட்டபோது அவர் பள்ளி வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன் வளர்ந்து, சமமாக உட்கார்ந்து பேசினார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே உரிமை தந்திருக்கிறது. இருந்தும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது; பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே அது வெளியே தெரிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளித் தோழர்கள். வஞ்சனை இல்லாத தோழர்கள் என்று பாடல் சொன்ன இடத்தில் இன்று யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பையன்களின் குழந்தைமையையும் சாதிதான் தின்றிருக்கிறது.

எனவே தொடித்தலை விழுத்தண்டினாரை நாம் ஒதுக்க வேண்டாம். அவர் நினைத்து ஏங்குவது ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியது. கவலையில்லாமல் குதிக்க ஒரு குளமும், கற்க ஒரு பள்ளியும், இரண்டுமே நம் கோரிக்கை. கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு ஒரு பிள்ளை அவமானத்தை விலையாகக் கொடுக்க வேண்டிய நிலை முடிய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊர் திரும்பியதும் உங்கள் தெருவின் அப்பத்தாக்களிடமும் தாத்தாக்களிடமும் கேளுங்கள்: சின்ன வயதில் எந்தத் தண்ணீரில் குளித்தீர்கள்? எந்த வயதில், எந்தப் படித்துறையில் முதலில் தடுத்தார்கள்? தடுத்தபோது என்ன செய்தீர்கள்? ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். ஹட்டனின் அறிக்கையில் தடைகள் வரிசை எண்ணோடு இருக்கின்றன. அவற்றை மீறியவர்களின் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களை எழுதும் பொறுப்பு நம்முடையது.