அணைக்கரைச் சாலையும் ஒளிப்படக் கருவியும்

கும்பகோணத்திலிருந்து வடக்கே செல்லும் சாலையில் மானம்பாடி, திருப்பனந்தாள், அணைக்கரை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கொள்ளிடத்தைக் கடந்து மேலும் சென்றால் கங்கைகொண்டசோழபுரம். விடுமுறை நாளில் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு கோயில் பார்க்கவும் படமெடுக்கவும் கிளம்பும் நண்பர் குழுக்களுக்கு ஒரே நாளில் சென்று திரும்பத் தோதான வழி இது. அத்தகைய பயணங்களில் எதைப் படமெடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய கேள்வி. அதற்கான விடையை இந்தச் சாலையே வைத்திருக்கிறது.

அணைக்கரையிலிருந்து தொடங்கலாம். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை 1836 இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி எழுந்தது. அங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது. நெல் விளையும் இந்த மண்ணில் அணை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அணைக்கு வேண்டிய கல் எங்கிருந்து வந்தது? வண்டல் மண் படிந்த சமவெளியில் கல் கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது இராசேந்திர சோழனின் தலைநகர்க் கோயில். அதன் திருச்சுற்று மதிலும் கோபுரமும் பெயர்க்கப்பட்டு அணைக்குள் போயின. எதிர்த்த ஊர்மக்களுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டதென்றும், அது நிறைவேறவில்லையென்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று வருந்திச் சொல்கிறது.

பாரிஸில் தாகேர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839 இல். இடைவெளி மூன்றே ஆண்டுகள். கங்கைகொண்டசோழபுரத்தின் கிழக்குக் கோபுரம் முழுமையாக நின்றபோது எப்படியிருந்தது என்பதைக் காட்ட ஒரு படமும் இல்லை. அடித்தளத்தின் மிச்சத்தைப் பார்த்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தஞ்சைக்கு அந்தக் குறை நேரவில்லை. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி 1858 இல் தஞ்சை, திருவையாறு, மதுரை, புதுக்கோட்டை, திருவரங்கம் எனச் சுற்றிப் படமெடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறை அவருடையது. பெரிய மரப்பெட்டிக் கருவி, இரசாயனப் புட்டிகள், கூடாரம், சுமையாட்கள் என ஒரு சிறு படையே உடன் செல்ல வேண்டும். அவர் எடுத்த விமானக் காட்சிகளைவிட என்னை வியக்க வைப்பது வேறொன்று. பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

அந்நாளில் இக்கோயிலைக் கட்டியவர் யாரென்பது பற்றிக் கதைகளே வழங்கிவந்தன. கல்வெட்டாய்வாளர் ஹூல்ட்ஸ் 1886 இல் பணியேற்று, இக்கல்வெட்டுக்களைப் படித்து வெளியிட்ட பிறகே முதலாம் இராசராசனின் பெயர் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. அதாவது, தாம் எடுப்பது என்னவென்று முழுதாக அறியாமலேயே ஒருவர் அதைப் பொறுமையாக எடுத்து வைத்தார். அழகுக்காக மட்டும் எடுத்திருந்தால் வானளாவிய விமானத்தோடு நின்றிருப்பார். அரசாங்கமோ இந்த வேலையை வீண்செலவு என்று கருதியது. 1860 இல் அவருடைய பதவி முடிவுக்கு வந்தது.

இதெல்லாம் வெள்ளையர் காலத்துக் கதை, இன்று கல்லுக்கு என்ன ஆபத்து என்று கேட்கலாம். அதற்கு மானம்பாடியில் வண்டியை நிறுத்தவேண்டும். அங்குள்ள நாகநாதசுவாமி கோயில் இராசேந்திரன் காலத்துக் கற்றளி. நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு அது இரையாகும் என்ற நிலை வந்தபோது ஆர்வலர்கள் குரல் எழுப்பினர், சாலை விலகியது. பிறகு திருப்பணி என்ற பெயரில் அதே கோயில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டது. தமிழகக் கோயில்களின் திருப்பணி முறைகளை ஆராய்ந்த யுனெஸ்கோ குழுவின் அறிக்கை 2017 இல் வெளிவந்தபோது, அதில் கவலையோடு பேசப்பட்ட கோயில்களுள் இதுவும் இருந்தது. சாலையிலிருந்து தப்பிய கோயில் பக்தியிடம் அகப்பட்டுக்கொண்டது. ஒருமுறை பிரித்துவிட்டால் எந்தக் கல் எந்தக் கல்லின்மேல் இருந்தது என்பதற்குச் சான்று, அதற்கு முன் எடுத்த படங்கள்தாம். வல்லுநர் எடுத்ததா, சுற்றுலா வந்தவர் எடுத்ததா என்று அப்போது யாரும் பார்க்கமாட்டார்கள்.

மணல் வீச்சால் கல்லைச் சுரண்டித் தூய்மை செய்வது, பழந்தரையை மூடிப் பளிங்குச் சல்லிகள் பதிப்பது, கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுவது என்று நம் கண்முன்னே நடந்தவை ஏராளம். எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டவையே. அதனால்தான் தடுப்பதும் கடினம்.

திருப்பனந்தாளுக்கு வருவோம். சம்பந்தர் பாடிய தலம். கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். காசியில் குமரகுருபரர் நிறுவிய மடத்தின் வழிவந்த காசி மடமும் இவ்வூரில்தான். தாடகை என்பவளுக்காகச் சாய்ந்த இலிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுக்க நிமிர்ந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கருவியை அண்ணாந்து பிடித்துக் கோபுரத்தை எடுப்பவர்கள் இவ்வூரில் அதை நினைத்துக்கொள்ளலாம். பின்னால் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தக் கயிறு வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று கருவியை நேராகப் பிடித்தாலே போதும்.

குழுவாகச் செல்வதன் பயன் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடிவதுதான். பத்துப் பேரும் கோபுரத்தின் முன் நிற்பதற்குப் பதிலாக, ஒருவர் அதிட்டானத்தை மூலை முதல் மூலை வரை, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததில் வரும்படி எடுக்கலாம். ஒருவர் கோட்டச் சிற்பங்களை வரிசையாக எடுக்கலாம். பார்வையாளர் போகாத பின்சுவரை இன்னொருவர் எடுக்கலாம். கல்வெட்டுக்குக் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் விழும் வெயில் நல்லது. எழுத்துப் பள்ளங்களில் நிழல் தங்கும். எழுத்துத் தெளிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ பூசவேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நாள், திசை, சுவரின் பெயர் மூன்றையும் அன்றிரவே எழுதி வைத்துவிட வேண்டும். குருக்களிடம் கேட்டுவிட்டு எடுக்கவேண்டும். கருவறை நம் வேலை இல்லை.

கொள்ளிடத்தின் நீருக்கடியில் கிடக்கும் கற்களுள் எவற்றில் எழுத்திருந்தது, எவற்றில் உருவமிருந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு தாளும் இல்லை. அணைக்கரைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் படமெடுக்கும் நண்பர்கள், அதற்குமுன் திருப்பனந்தாளின் பின்சுவரையும் ஒருமுறை எடுத்துவிட்டு வரட்டும்.