சந்தை நிறைந்தது, முதல் வரவில்லை

2007, 2008ஆம் ஆண்டுகளில் வீடியோ விளையாட்டுத் தொழிலைக் கவனித்து வந்தோர் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தனர். நிண்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட 'வீ' என்னும் கொன்சோல் கடைக்கு வந்த கையோடு விற்றுத் தீர்ந்தது. அதன் விலை 250 டொலர். அதே மாதத்தில் சொனியின் பிளேஸ்டேஷன் 3, 500 டொலருக்கும் 600 டொலருக்கும் வந்து வாங்க வந்தவர்களைத் திகைக்க வைத்தது. மைக்ரோசொஃப்ற்றின் எக்ஸ்பொக்ஸ் 360 ஓராண்டு முந்தி வந்திருந்தும் 'வீ'யின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இத்தனை வீடுகளுக்குள் புகுந்துவிட்ட ஒரு பொறிக்கு வெளி நிறுவனங்கள் பெருமுதல் இட்டு விளையாட்டுகள் செய்யுமா என்பதே அந்தக் கேள்வி.

வெளி நிறுவனங்கள் என்று நான் சொல்வது, பொறியைத் தாம் செய்யாமல், பிறர் செய்த பொறியில் ஓடும் விளையாட்டுகளை மட்டும் செய்து விற்பவற்றை. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அக்டிவிஷன், யூபிசொஃப்ற், கப்கொம், ஸ்குவெயார் முதலியன இந்த வகையின.

புத்தூரிலிருந்து எழுதும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். 'வீ' வெளியானபோது நாங்கள் அதைக் கேள்விப்படும் நிலையில்கூட இருக்கவில்லை. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ-9 வீதி மூடப்பட்டு, குடாநாட்டுக்குக் கப்பலில் வரும் சீனியும் மாவுமே செய்தியாக இருந்த காலம் அது. ரொறன்ரோவில் இருந்த மருமகன்தான், கிழவர்கூட எழுந்து நின்று கையை வீசி விளையாடுகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னான். ஆனால் அவன் சொன்னதன் பின்னாலிருந்த வணிகக் கேள்வி வலிகாமத்துத் தோட்டக்காரனுக்குப் புதியதன்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் இந்த வெளியார் எங்கிருந்து வந்தனர் என்று பார்ப்போம். 1977இல் அற்றாரி நிறுவனம் தன் கொன்சோலை வெளியிட்டபோது பொறியும் அதற்கான விளையாட்டும் ஒரே வீட்டுச் சரக்காகவே இருந்தன. விளையாட்டை எழுதியவர்களின் பெயர் பெட்டியில் அச்சாவதில்லை. விற்பனையில் பங்கும் கிடையாது. இதனால் மனம் கசந்த நால்வர் அற்றாரியை விட்டு வெளியேறி 1979இல் அக்டிவிஷன் நிறுவனத்தை உருவாக்கினர். அற்றாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. வெளியார் விளையாட்டுச் செய்யலாம், பொறிக்காரனுக்கு உரிமைப்பணம் கட்டவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டிவிஷன் வெளியிட்ட 'பிற்ஃபோல்' 40 இலட்சம் பிரதிகள் விற்றது. இன்றுவரை இத்தொழில் நடப்பது அந்தக் குத்தகை முறையிலேதான்: நிலம் ஒருவனது, பயிர் இன்னொருவனது.

நிலத்துக்கு வேலி இல்லாதபோது நேர்ந்ததை 1983 காட்டிற்று. யார் யாரோ செய்த மட்டமான விளையாட்டுகள் அமெரிக்கக் கடைகளில் குவிந்தன. மக்கள் வாங்குவதை நிறுத்தினர். ஏறத்தாழ 320 கோடி டொலராக இருந்த தொழில் 1985 அளவில் 10 கோடிக்குச் சுருங்கியது. விற்காத சரக்கை அற்றாரி நியூ மெக்சிக்கோவின் பாலைநிலத்தில் புதைத்தது. 2014இல் அவற்றில் ஒரு பகுதியைத் தோண்டியெடுத்தார்கள்.

ஜப்பானின் நிண்டெண்டோ இந்தப் பாடத்தை வேறு எவரையும்விடக் கூர்மையாகப் படித்தது. 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த அதன் 'ஃபமிகொம்' பொறியை எங்களூர்ப் பிள்ளைகளும் ஒருவகையில் அறிவார்கள். ஏ-9 திறந்திருந்த 2002க்குப் பிந்திய ஆண்டுகளில், ஒரே கசெற்றில் பல விளையாட்டுகளோடு இங்கே வந்த சீனப் பெட்டிகள் அதன் போலிகளே. அசல் பொறி அமெரிக்காவில் 1985இல் இறங்கியபோது அதற்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நிண்டெண்டோ அனுமதிக்காத கசெற் அதில் ஓடாது. அனுமதி பெற்றவர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக்கூடாது. கசெற்றை நிண்டெண்டோவிடமே முன்பணம் கட்டிச் செய்விக்க வேண்டும். அந்த விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு பொறியில் விற்கவும் கூடாது. இவ்வளவு கடுமைக்கும் வெளியார் வரிசையில் நின்றனர். ஏனெனில் வேறு நிலம் இருக்கவில்லை. கொனாமி நிறுவனம் ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காக 'அல்ட்ரா' என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தையே திறந்தது!

வேறு நிலம் 1994 டிசம்பரில் வந்தது. சொனியின் பிளேஸ்டேஷன் கசெற்றை விட்டு இறுவட்டுக்கு மாறியிருந்தது. இறுவட்டு மலிவு, கொள்ளளவோ பல மடங்கு. நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட 'நிண்டெண்டோ 64' கசெற்றோடே நின்றது. அதுவரை நிண்டெண்டோவின் நெருங்கிய கூட்டாளியாக இருந்த ஸ்குவெயார், தன் 'ஃபைனல் ஃபன்ரசி'யின் ஏழாவது பாகத்தைச் சொனியிடம் கொண்டுபோயிற்று. மூன்று இறுவட்டுகளில் 1997இல் வெளிவந்த அந்த விளையாட்டுக்கு 4 கோடி டொலருக்கு மேல் செலவானதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் அது கேள்விப்படாத தொகை. பிளேஸ்டேஷன் 10.2 கோடி விற்றது; நிண்டெண்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடி. அடுத்து 2001இல் வந்த 'கேம்கியூப்' 2.2 கோடியைக்கூட எட்டவில்லை.

இந்த இடத்தில்தான் சதொரு இவாற்றா என்ற தலைவரின் கீழ் 'வீ' பிறந்தது. வேகத்தில் சொனியோடு ஓடிப் பயனில்லை, இதுவரை விளையாடாதவரை விளையாட வைப்போம் என்பது அவர்களின் கணக்கு. கணக்குப் பலித்தது. முதியோர் இல்லங்களில் பந்துருட்டும் போட்டி நடந்தது. மொத்தத்தில் 10.16 கோடிப் பொறிகள் விற்றன. பெரும்பாலான நாடுகளில் பொறியோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' 8.29 கோடிப் பிரதிகளை எட்டியது.

ஆனால் பெருமுதல் வரவில்லை. காரணத்தைப் பலர் 'வீ வாங்கியவர்கள் உண்மையான விளையாட்டுப் பிரியர்கள் அல்லர்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. அது தோற்ற வியாபாரி வாடிக்கையாளனைத் திட்டுவது போன்றது. பொறியைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே கிடக்கிறது. எக்ஸ்பொக்ஸ் 360இன் நினைவகம் 512 மெகாபைற், 'வீ'யினுடையது 88. அதன் படம் பழைய தொலைக்காட்சித் தரத்தைத் தாண்டாது. அன்றைய பெரிய விளையாட்டுகள் பல 'அன்ரியல் என்ஜின் 3' என்னும் மென்பொருள் அடித்தளத்தில் கட்டப்பட்டன. அது 'வீ'யில் ஓடாது. ஆகவே எக்ஸ்பொக்ஸுக்குச் செய்ததை பிளேஸ்டேஷன் 3க்கும் கணினிக்கும் மாற்றி மூன்று சந்தைகளில் ஒரே செலவை மீட்கலாம். 'வீ'க்குச் செய்தது 'வீ'க்கு மட்டுமே. 2008இல் வந்த 'கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ 4'க்கு ஏறத்தாழ 10 கோடி டொலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. அந்த அளவு பணத்தை ஒற்றைச் சந்தையில் யார் புதைப்பார்?

இதைத்தான் எங்கள் தோட்டக்காரனுக்குப் புதிதல்ல என்றேன். யாழ்ப்பாணத்தில் 'மலையாளப் புகையிலை' என்றே ஒரு வகை இருந்தது. திருவிதாங்கூர்க்காரர் வெற்றிலையோடு மெல்லுவதற்கென்றே பதப்படுத்திய இலை அது. வேறெங்கும் அதற்கு அந்த விலை கிடையாது. வாங்குவோர் தொகையில் குறைவில்லை. ஆனால் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் நின்றது திருவிதாங்கூர் அரசு. 19ஆம் நூற்றாண்டில் அது புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. ஏகபோகம் போனபின் தீர்வை வந்தது. அங்கே தீர்வை உயர்ந்தால் இங்கே புகையிலைக் குடிலில் விலை விழும். 1930களில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் மலையாளப் புகையிலைக்கென்றே ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தது இந்த நெருக்கடியால்தான். என் பாட்டனார் தோட்டத்தில் ஒரு பகுதிக்கு மேல் புகையிலை வைக்கமாட்டார், மிகுதி வெங்காயம். வெங்காயத்தைச் சுன்னாகத்திலும் விற்கலாம், கொழும்புக்கும் ஏற்றலாம். அவருக்கு வணிகவியல் எவரும் கற்பிக்கவில்லை.

வெளி நிறுவனங்களும் 'வீ'யில் அதையே செய்தன. ஒரு மூலையில் சிறு பாத்தி கட்டிப் பார்த்தன. கப்கொம் தன் பழைய 'ரெசிடென்ற் ஈவில் 4'ஐ 2007இல் 'வீ'க்கு மாற்றி மலிவு விலையில் விட்டது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்றது. செலவோ சொற்பம். சேகா 2009இல் 'மட்வேர்ல்ட்', 'த கொண்டியூற்' என்று வயது வந்தோருக்கான விளையாட்டுகளை முயன்றது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அதே ஆண்டு 'டெட் ஸ்பேஸ்' வரிசையில் ஒன்றை 'வீ'க்கென்று செய்தது. அதன் மூலப் பாகமோ எக்ஸ்பொக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் வந்தது. 'வீ'காரருக்குக் கிடைத்தது வேறொரு சிறிய வகை. அது விற்காமற் போனதும், பார்த்தீர்களா இந்தச் சந்தை இப்படித்தான் என்றார்கள். இரண்டாந்தரச் சரக்கை வைத்துச் சந்தையை அளந்த கதை.

விதிவிலக்குகளும் உண்டு, அவை ஜப்பானியருடையவை. பிளேஸ்டேஷன் 3க்கு விளையாட்டுச் செய்யும் செலவு தாங்காது என்று கப்கொம் தன் 'மொன்ஸ்ரர் ஹன்ரர்' மூன்றாம் பாகத்தை 'வீ'க்கு மாற்றி 2009இல் வெளியிட்டது. ஸ்குவெயார் எனிக்ஸ் 'டிராகன் குவெஸ்ற்' பத்தாம் பாகத்தை 'வீ'க்கு 2012இல் தந்தது. அதற்குள் பொறியின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

உண்மையில் 'வீ'யில் வெளியார் அள்ளிய பெரும் இலாபம் பெருமுதலிலிருந்து வரவில்லை. யூபிசொஃப்ற்றின் ஒரு குழு வேறொரு விளையாட்டின் துணுக்காக இருந்த நடனப் பகுதியைத் தனியே எடுத்து 2009இல் 'ஜஸ்ட் டான்ஸ்' என்று வெளியிட்டது. விமரிசகர் எள்ளினர், மக்கள் ஆடினர். பொறியின் உற்பத்தி 2013இல் நின்றபின்னும் அந்த வரிசை 'வீ'க்கு ஆண்டுதோறும் வந்தது. கடைசியாக வந்த 'ஜஸ்ட் டான்ஸ் 2020' 2019 நவம்பரில் வெளியானது. 'வீ' பிறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்னொரு வாசலையும் சொல்லவேண்டும். 2008இல் நிண்டெண்டோ 'வீவெயார்' என்ற இணையக் கடையைத் திறந்தது. ஒரு விளையாட்டு 40 மெகாபைற்றைத் தாண்டக்கூடாது என்பது அதன் வரம்பு. பெட்டி வேண்டாம், வட்டு வேண்டாம், கடைத்தட்டு வேண்டாம். இருவர் மட்டும் நடத்திய ஒரு நிறுவனம் 'வேர்ல்ட் ஒஃப் கூ'வை அதில் வெளியிட்டுப் பெயர் பெற்றது. பெருமுதலுக்காகக் காத்திருந்த வாசலின் பக்கத்திலே ஒரு பொட்டு வழி திறந்ததை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

அடுத்த பொறியான 'வீ யூ' 2012இல் வந்து 1.35 கோடியோடு ஓய்ந்தது. 2017 மார்ச்சில் வந்த 'ஸ்விச்' 15 கோடியைத் தாண்டியது. இம்முறை நிண்டெண்டோ வேலியை வேறுவிதமாகப் போட்டிருந்தது. எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள் அடித்தளங்கள் அதில் ஓடின. பிறவிடத்தில் விளைந்ததை ஓரளவு குறைத்து இங்கும் இறக்கலாம். 'ஸ்கைரிம்' 2017இலும், 'விச்சர் 3' 2019இலும் வந்தன. 2025 ஜூனில் 'ஸ்விச் 2' வெளியான அன்றே 'சைபர்பங்க் 2077' அதனோடு கடைக்கு வந்தது. இவை எவையும் நிண்டெண்டோவுக்காகப் பெருமுதல் இட்டுச் செய்யப்பட்டவை அல்ல. பிறவிடத்தில் முதல் இட்டாயிற்று. இங்கே கிடைப்பது மேலதிகம்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் விலை குறைந்தபின் பிளேஸ்டேஷன் 2 பரவியபோது, அங்கே வெளியார் முதலுக்காகக் காத்திருக்காமல் சொனியே முதல் இட்டது. ஹைதராபாத்தில் செய்யப்பட்ட 'ஹனுமான்: போய் வொரியர்' 2009இல் வந்தது. முழுக்க இந்தியாவில் உருவான முதல் கொன்சோல் விளையாட்டு என்று அதை விளம்பரம் செய்தார்கள். உலகம் பிளேஸ்டேஷன் 3க்குப் போய்விட்ட காலத்தில், பழைய பொறிக்குச் சிறு செலவில் செய்த விளையாட்டு அது. புனேயில் ஒரு சிறு குழு செய்த 'ராஜி' 2017இல் மக்களிடம் இணையவழி நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. ஆயினும் 2020 ஓகஸ்ட்டில் அது முதலில் இறங்கியது ஸ்விச்சில்.

தமிழனுக்கு நெருக்கமான கதை ரொறன்ரோவில் நடந்தது. 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31இல் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அழிந்துபோன எழுத்துகளுள்ள சமையற் குறிப்பைப் பார்த்துத் தாய் இட்லி அவிக்கவேண்டும், மகன் தமிழை மறந்துகொண்டே வளர்வான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் விளையாட்டு. 2024இல் பிரித்தானியாவின் பஃப்ரா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை அளித்தது. எந்தப் பெருநிறுவனமும் கோடிகளைக் கொட்டி இப்படியொரு கதையை எடுத்திருக்காது. ஆனால் கோடிகள் கொட்டப்பட்டிருந்தால் அந்தச் சமையலறைக்கு வெளியே உள்ள வீதியையும், அவர்கள் விட்டுவந்த ஊரையும் காட்டியிருக்கலாமே என்ற ஏக்கமும் எனக்கு உண்டு. ஒரு புகையிலைக் குடிலையோ நிலாவரைக் கிணற்றையோ உள்ளே நடந்து பார்க்கக்கூடிய விளையாட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று மருமகனிடம் கேட்டேன். அவன் தொகையைச் சொல்லவில்லை. எத்தனை பொறிகளில் ஓடவேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்டான்.