கடந்து போனவரும் தங்கியவரும்: மலைப்பெயர்கள் குறித்து

ஐப்பசி மழை விட்ட காலையில் மடத்துக்குளத்தில் நின்று தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போட்டவர்களுக்கு அது வெறும் ‘மலை’. ‘மலையில நல்ல மழையாம்’ என்று ஒருவர் சொன்னால், அணைக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். எந்த மலை என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. விடியலில் பனியன் கம்பெனி வேனுக்கு நிற்பவர்களுக்கும் அது திசை காட்டும் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான்.

ஏறத் தொடங்கினால் அந்த ஒற்றைச் சொல் உடைந்து சிதறுகிறது. தளிஞ்சி, மஞ்சம்பட்டி, மூங்கில்பள்ளம், ஈசல்திட்டு, ஆட்டுமலை, குருமலை, குழிப்பட்டி, பூச்சிக்கொட்டாம்பாறை என்று முதுவர், புலையர் குடியிருப்புகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவற்றில் ஈசல்திட்டைச் சற்று நின்று பார்க்கலாம். ஈசல் வருடம் முழுவதும் பறப்பதில்லை. மழை பெய்து மண் இளகியதும், ஒரு மாலையிலோ ஓர் இரவிலோ புற்றிலிருந்து கிளம்புகிறது. அது கிளம்பும் திட்டு எது என்று தெரிய வேண்டுமானால் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்; அடுத்த மழைக்கும் இருந்திருக்க வேண்டும். இடத்தோடு பருவத்தையும் இரண்டே சொற்களில் முடிந்து வைத்த பெயர் இது.

பூமியின் தென்கோடியில் உள்ள இன்னொரு மலைத்தொடரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாகர் பாறைவெளிக்குத் தெற்கே, பனிப்பரப்பைக் கிழித்துக்கொண்டு எழுகிறது வோல்தாட் தொடர். ஹெல்முத் வோல்தாட் மலையேறியவர் அல்லர். பெர்லினில் நாஜித் தலைவர் கோரிங்கின் நான்காண்டுத் திட்ட அலுவலகத்தில் இருந்த அதிகாரி. 1938-39இல் ஜெர்மனி அனுப்பிய ‘ஷ்வாபென்லாண்ட்’ கப்பல் பயணத்துக்கு அங்கிருந்து ஏற்பாடு செய்தவர். கப்பலின் மேல்தளத்திலிருந்து கவண்கல்போல் எறியப்பட்ட இரண்டு டோர்னியர் விமானங்கள் சில வாரங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துத் தள்ளின. ஒரு விமானத்தை ஓட்டிய ஷிர்மாகரின் பெயர் அவர் கண்ட பாறைவெளிக்குப் போனது. அந்தப் படங்களை வைத்துத் தாய்நாட்டில் உட்கார்ந்து வரைபடம் தயாரித்த ஓட்டோ ஃபோன் குரூபருக்கு ஒரு மலைக்கூட்டம். அண்டார்க்டிகாவையே பார்க்காமல் 1859இல் மறைந்த ஹம்போல்ட்டுக்கு இன்னொன்று.

தரையில் அளந்த புள்ளிகள் இல்லாமல் வானிலிருந்து மட்டும் எடுத்த படங்கள் அவை. அதனால் மலைகள் வரைபடத்தில் தம் இடத்தைவிட்டு விலகி நின்றன. பின்னாளில் நார்வேக்காரர்கள் தரையளவை செய்துதான் அவற்றைச் சரியாக நிறுத்தினர். மலை இடம் மாறியது, பெயர் மாறவில்லை!

இவ்வளவு அவசரம் எதற்கு? 1939 ஜனவரி 14 அன்று, ஜெர்மன் கப்பல் பனிக்கரையை எட்டுவதற்குச் சில நாட்கள் முன்பு, நார்வே அந்தப் பகுதியை ராணி மாட் நிலம் என்று தனதாக அறிவித்துவிட்டது. ஜெர்மானியர் அதன் மேலேயே தம் கப்பலின் பெயரால் ‘நொய்ஷ்வாபென்லாண்ட்’ என்று எழுதினார்கள். பெயரிடுவது அங்கே வேலி போடும் வேலை.

பறந்தவர் வைத்த பெயர் பொய், நடந்தவர் வைத்த பெயர் மெய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சுலபம். தவறும்கூட. 1908இல் ஷாக்கிள்டன் குழு உயிரைப் பணயம் வைத்து நடந்தேறிய பெரும் பனியாற்றுக்கு அவர்கள் சூட்டியது, பணம் கொடுத்த கிளாஸ்கோ தொழிலதிபர் பியர்ட்மோரின் பெயரை. ஆனால் 1912இல் ஸ்காட் பயணத்தின் ஆறு பேர், கப்பல் வராமல் மாட்டிக்கொண்டு, பனியைக் குடைந்த குகையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த தீவுக்கு வந்த பெயர் வேறு ரகம்: சொல்லில் அடங்காத் தீவு. கால் பட்டதா என்பதல்ல கேள்வி, தங்கினார்களா என்பதே. ஒரு குளிர்காலம் தங்கியதற்கே பெயரில் ஆள் மறைந்து அனுபவம் வந்துவிடுகிறது.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனைமலையில், டாப்சிலிப் அருகே, மவுண்ட் ஸ்டூவர்ட் என்றே ஓர் இடம் இருக்கிறது. அதற்கு மாறாக, டாப்சிலிப் என்பது ஆங்கிலச் சொல்லானாலும் உழைப்பில் பிறந்த பெயர்: வெட்டிய தேக்குகளை மேலிருந்து சறுக்கிவிட்ட இடம். ஒரே காட்டில், ஒரே மொழியில், இருவகைப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே மொழியையோ இனத்தையோ வைத்து இதைப் பிரிக்க முடியாது. டக்ளஸ் ஹாமில்டன் 1862இல் 2,695 மீட்டர் ஆனைமுடியில் ஏறியபோதும் அது ஆனைமுடியாகவே இறங்கி வந்தது. ஏற்கெனவே பேசிப் பழகிய பெயர் இருந்தது, பிழைத்தது.

இந்தியாவும் பனிக்கண்டத்துக்குப் போய்ப் பெயர் வைத்திருக்கிறது. தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பிரியதர்ஷினி ஏரி, 2012இல் பாரதி (தமிழ்க் காது உடனே எட்டயபுரத்துக்குப் போய்விடும்). நிலையம், ஏரி, பனியாறு என்று தாம் புழங்கிய இடங்களுக்கே இவற்றை வைத்தார்கள். மைத்ரிக்குக் குடிதண்ணீர் தருவது பிரியதர்ஷினி ஏரிதான். தெற்கே உள்ள மலைகளில் பல கோடைகளாகப் பாறை ஆராய்ந்த இந்தியப் புவியியலாளர்களோ, தம் கட்டுரைகளில் வோல்தாட், ஹம்போல்ட், குரூபர் என்றே எழுதினார்கள். மாற்றிப் பெயரிட்டாலும் நிலம் கிடைக்கப்போவதில்லை: 1959 அண்டார்க்டிகா ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, அது நடப்பில் இருக்கும்வரை செய்யும் எந்தச் செயலும் உரிமைக்கு ஆதாரமாகாது என்று கட்டிப்போட்டுவிட்டது.

ஆனைமலையில் நிலைமை தலைகீழ். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், கோயிலிடம், இடுகாடு, கிணறு ஆகியவற்றையும், கோரியவர் அல்லாத முதியோர் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலத்தையும் சான்றுகளாக ஏற்கின்றன. எந்தப் பாறையிலிருந்து எந்தப் பள்ளம்வரை தம் மக்கள் தேன் எடுத்தார்கள், மாடு மேய்த்தார்கள் என்று ஒரு கிழவர் கிராம சபையில் சொல்லும்போது, அளவைத் தாளில் ஏறாத சின்னச் சின்னப் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியிருக்கும். எழுதுபவர் நடுவில் நிறுத்தி, ‘அந்தத் திட்டுக்கு என்ன பேரு சொன்னீங்க?’ என்று மறுபடியும் கேட்டு எழுதிக்கொள்வார்.