மான்செஸ்டரில் ஒரு பேக்கர் தெரு

1980களில் ஷெர்லாக் ஹோம்ஸின் பேக்கர் தெருவைப் பார்க்க விரும்பியவர்கள் லண்டனை விட்டு மான்செஸ்டருக்குப் போக வேண்டியிருந்தது. அசல் தெருவில் பேருந்துகளும் விளம்பரப் பலகைகளும் நிறைந்திருந்தன. குதிரை வண்டிகளை ஓட்டிப் படம்பிடிக்க வழியில்லை. அதனால் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம், குவே தெருவில் இருந்த தன் ஸ்டுடியோ வளாகத்திலேயே ஒரு விக்டோரியா காலத் தெருவைக் கட்டி எழுப்பியது. 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடருக்கான செட்டும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

1984 ஏப்ரல் 24 அன்று அந்தத் தெரு முதன்முதலாகத் திரையில் தெரிந்தது. ஜெரமி ப்ரெட் ஹோம்ஸாக நடித்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா' அன்று ஒளிபரப்பானது. அங்கே தொடங்கிய தொடர் 1994 ஏப்ரல் 11 வரை, விட்டுவிட்டு, 41 எபிசோடுகளாக வந்தது. கானன் டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நடிகரை வைத்து எடுத்து முடித்தது சாதாரணக் காரியமல்ல.

தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. 1939க்கும் 1946க்கும் இடையில் பேசில் ராத்போன் நடித்து வந்த 14 ஹாலிவுட் படங்களால் ஹோம்ஸைப் பற்றிய ஒரு பிம்பம் மக்கள் மனதில் பதிந்துபோயிருந்தது. அவற்றில் கடைசிப் பன்னிரண்டு படங்களில் ஹோம்ஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்து மனிதராகிவிட்டார், நாஜி ஒற்றர்களையும் துரத்தினார். டாக்டர் வாட்சனோ சிரிப்புக்காகச் சேர்த்த தடுமாற்றக்காரர். இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்றார் காக்ஸ். அதற்காக அவரும் உடனிருந்தவர்களும் அத்தனை கதைகளையும் சல்லடை போட்டுச் சலித்து, 77 பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்தார்கள். ஹோம்ஸ் என்ன உடுத்துவார், எதைப் புகைப்பார், எப்படி உட்காருவார், வாட்சனின் பழக்கங்கள் என்னென்ன என்று எல்லாம் அதில் இருந்தது. 'பேக்கர் தெருக் கோப்பு' என்று அதற்குப் பெயர். கலை இயக்குநருக்கும் உடை தைப்பவருக்கும் நடிகருக்கும் அதுதான் வேதம். பாரசீகச் செருப்புக்குள் புகையிலை வைக்கும் வழக்கம் போன்ற சின்ன விஷயங்களைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை.

'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் இந்தக் கதைகள் வந்தபோது சிட்னி பேஜட் வரைந்த சித்திரங்களையும் காக்ஸின் குழு மேசையில் விரித்து வைத்துக்கொண்டது. பல காட்சிகளில் ஹோம்ஸ் நாற்காலியில் சாய்ந்திருக்கும் கோணம்கூட அந்தச் சித்திரங்களில் இருப்பதுதான். எதிரி மோரியார்ட்டியும் ஹோம்ஸும் மோதும் அருவிக் காட்சிக்கு, படக்குழு சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவிக்கே போனது.

ஆனால் இவ்வளவு நுணுக்கத்தையும் கவனிக்க யாருக்கு நேரம் இருந்தது? ஓர் எபிசோடு ஐம்பது நிமிடத்துச் சொச்சம். ஒளிபரப்பு முடிந்ததும் கையைவிட்டுப் போய்விடும். தொலைக்காட்சி அதுவரை அப்படித்தான் இருந்தது. இங்கேதான் காலம் கிரனாடாவுக்குக் கைகொடுத்தது. தொடர் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1984 ஜனவரி 17 அன்று, சோனி நிறுவனத்துக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்து வைப்பது குற்றமல்ல என்றது அந்தத் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள் அந்தப் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். ஒருவர் மாறியிருந்தால் வீட்டில் பதிவுசெய்யும் கருவியான வி.சி.ஆரின் கதையே வேறாகியிருக்கும். அமெரிக்காவில் 1985இல் பி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'மிஸ்டரி!' வரிசையில் ஹோம்ஸ் வந்தபோது, அதைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளச் சட்டமும் கருவியும் தயாராக இருந்தன. பின்னாலேயே கடைகளுக்குக் கேசட்டுகள் வந்தன, பிறகு டிவிடி, அதன் பிறகு புளூரே.

கேசட்டில் தெரிந்தது மங்கலான ஹோம்ஸ். வி.எச்.எஸ். தரம் சுமார் 240 கோடுகள்தான். ஹோம்ஸ் அறையின் புத்தக அடுக்குகளெல்லாம் பழுப்புத் திட்டாகத் தெரியும். டிவிடியில் அது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது. கூடவே மண்டலக் குறியீடு என்ற தொல்லையும் வந்து சேர்ந்தது: பிரிட்டன் இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். லண்டனில் ஆசையாக வாங்கிவந்த டிவிடிப் பெட்டி சென்னையில் வாங்கிய பிளேயரில் ஓடாது. கலையை வாங்குபவரை இப்படி வேலிபோட்டு நிறுத்தியதில் எந்த நியாயமும் இல்லை.

பெட்டியாக வாங்கி வரிசையாகப் பார்த்தபோது, ஒளிபரப்பில் தெரியாத சில விஷயங்கள் தெரிந்தன. 1985 செப்டம்பரில் 'தி ஃபைனல் பிராப்ளம்' எபிசோடில் ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்ததாக நம்பி அழுத வாட்சன், டேவிட் பர்க். 1986 ஜூலையில் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்ததைப் பார்த்து மயங்கி விழுந்த வாட்சன், எட்வர்ட் ஹார்ட்விக். இடையில் பர்க் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். ஒளிபரப்பில் ஒன்பது மாத இடைவெளி அந்த மாற்றத்தை மறைத்தது. பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் மாறிவிடுகிறார். ஆனாலும் ஒட்டுத் தெரியவில்லை என்பதுதான் வியப்பு. பர்க்கின் வாட்சன் துடிப்பானவர். ஹார்ட்விக்கின் வாட்சன் துயரத்தைத் தாங்கி முதிர்ந்தவர். நண்பனை இழந்து மூன்றாண்டு வாழ்ந்த மனிதர் அப்படித்தான் மாறியிருப்பார்.

இன்னொரு மாற்றத்தைப் பார்ப்பது வலிக்கிறது. 1984இல் ஜெரமி ப்ரெட் கத்தி போன்ற முகமும் ஒடுங்கிய கன்னமுமாக இருக்கிறார். சோபாவைத் தாண்டிக் குதிக்கிறார். 1985 ஜூலையில் அவர் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயால் இறந்தார். 'மிஸ்டரி!' வரிசையைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். அதன்பின் ப்ரெட்டின் மனநோய் முற்றியது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருமுனைக் கோளாறுக்காக எடுத்துக்கொண்ட லித்தியத்தால் உடலில் நீர் கோத்து உப்பியது, இதயமும் பலவீனமடைந்தது. 1994 எபிசோடுகளில் மூச்சு வாங்கியபடி நடிக்கிறார். 'தி மாசரின் ஸ்டோன்' கதையில் ஹோம்ஸ் தொடக்கத்திலும் முடிவிலும் தலைகாட்டுவதோடு சரி. துப்புத் துலக்கும் வேலையை அண்ணன் மைக்ராஃப்டாக நடித்த சார்ல்ஸ் கிரே ஏற்றுக்கொண்டார். பத்தாண்டில் நடந்த இந்தச் சிதைவு, பெட்டியில் பார்க்கிறவர் கண்முன் ஒரே வாரத்தில் நடந்து முடிகிறது. 1995 செப்டம்பர் 12 அன்று ப்ரெட் இறந்தார், 61 வயதில்.

தளர்ந்த உடலிலும் அவர் தன் பாத்திரத்தைக் கைவிடவில்லை. 1988இல் வந்த 'தி டெவில்ஸ் ஃபுட்' எபிசோடில், ஹோம்ஸ் கோகெய்ன் ஊசியைக் கார்ன்வால் கடற்கரை மணலில் புதைக்கிறார். கானன் டாயில் எழுதாத காட்சி அது. சிறுவர்களும் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்று அறிந்த ப்ரெட், டாயிலின் மகள் ஜீனிடம் ஒப்புதல் பெற்று அதைச் சேர்க்கச் செய்தார். புத்தகத்தை விட்டு விலகக் கூடாது என்று ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டவர், தானே விலகிய இடம் இது. விலகல்களிலேயே மிகச் சரியானதும் இதுதான்.

இந்தத் தொடர் பிழைத்ததற்கு அதை எடுத்த முறையும் ஒரு காரணம். அந்நாளைய பிரிட்டிஷ் நாடகங்களில் அறைக்குள் நடப்பதை வீடியோவிலும் வெளிப்புறக் காட்சியைப் படச்சுருளிலும் எடுப்பது வழக்கம். கிரனாடா முழுத்தொடரையும் படச்சுருளிலேயே எடுத்தது. வீடியோ நாடாவில் பதிவானதை அதன் 625 கோட்டுக்கு மேல் கூர்மையாக்க முடியாது. படச்சுருளில் அதைவிட அதிக விவரம் உறங்குகிறது, புதிய ஸ்கேனரில் வைத்து அதை வெளியே எடுக்கலாம்.

முந்தைய ஹோம்ஸ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1965இல் டக்ளஸ் வில்மரும் 1968இல் பீட்டர் குஷிங்கும் பிபிசியில் ஹோம்ஸாக நடித்தார்கள். இருவருக்கும் வாட்சன் நைஜல் ஸ்டாக். அப்போது இரண்டு அங்குல அகல வீடியோ நாடாவுக்கு விலை அதிகம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்கும் வரம்பு இருந்தது. ஆகவே ஒளிபரப்பு முடிந்த நாடாவை அழித்து, அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவுசெய்தார்கள். மக்கள் இதை வீட்டில் காசு கொடுத்து வாங்கிவைப்பார்கள் என்று அன்று யாரும் எண்ணவில்லை. அந்த எண்ணம் இருந்திருந்தால் ஒரு நாடாவும் அழிந்திருக்காது.

வில்மரின் தொடரில் பெரும்பகுதி பிழைத்தது. இரண்டு எபிசோடுகள் மட்டும் பாதி பாதியாகக் கிடைத்தன. 2015இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதை வட்டாக வெளியிட்டபோது, 'தி ஆபி கிரேஞ்ச்' கதையின் தொலைந்த பகுதியை வில்மரே கேமரா முன் அமர்ந்து வாசித்தார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் தான் நடித்து அழிந்துபோனதை அவரே கதையாகச் சொல்லி நிரப்பினார்.

குஷிங்கின் தொடர் வண்ணத்தில் வந்தது. 16 எபிசோடுகளில் ஆறுதான் மிஞ்சியிருக்கின்றன. 'தி டான்சிங் மென்', 'தி மஸ்கிரேவ் ரிச்சுவல்', 'தி நேவல் ட்ரீட்டி', 'தோர் பிரிட்ஜ்' என்று பத்து எபிசோடுகள் போய்விட்டன. அந்தப் பத்துக் கதைகளில் ஒன்பதைப் பிற்பாடு ப்ரெட் நடித்துவிட்டார். அவை இன்று எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். ப்ரெட் நடிக்காத அந்த ஒன்று 'பிளாக் பீட்டர்': திமிங்கில வேட்டைக் கப்பலின் பழைய தலைவன், தன் தோட்டத்துக் குடிலில் ஈட்டியால் குத்திச் சுவரோடு அறையப்பட்டுக் கிடக்கும் கதை. கிரனாடா அதை எடுக்கவே இல்லை. குஷிங் அதில் எப்படி நடித்தார் என்று பார்க்க வேண்டுமானால், எங்கோ ஒரு கிடங்கில் மறந்துபோன பிரதி ஒன்று இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.