ஒன்றரைச் சுற்று

"ஸ்லோவுல நிக்க மாட்டேங்குதுண்ணா. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கைய எடுத்தா ஆஃப் ஆயிடுது."

கலசப்பாக்கம் மாதிரி ஊர்களின் மெக்கானிக் கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் புகார் இது. போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ஆரணிப் பட்டு, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. பாவு நூலோ, நெய்து முடித்த சேலையோ, பால் கேனோ, நெல் மூட்டையோ, எதுவானாலும் டூவீலரில்தான் போகும். வண்டி நின்றால் வேலையும் நின்றுவிடும்.

மெக்கானிக் உடனே பதில் சொல்ல மாட்டார். ஸ்டார்ட் செய்து தலையைச் சாய்த்துக் கேட்பார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்து, கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. சத்தம் சீராகும். "எடுத்துக்கிட்டுப் போங்க."

அந்தக் கால் சுற்றுக்குப் பின்னால் நூற்று முப்பது வருட வரலாறு இருக்கிறது. அந்த ஸ்க்ரூவைத் திருப்பும் உரிமை யாருடையது என்ற கேள்வியாகவே அதைப் படிக்கலாம்.

முதலில் எந்திரம். பெட்ரோல் திரவமாக எரியாது. காற்றில் துகளாகக் கலந்தால்தான் எரியும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குழாய் குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெர்னூலியும் வெஞ்சுரியும் எழுதிவைத்த விஷயம் இது. அந்தக் குறுகலில் ஒரு நுண்துளையை வைத்தால் காற்று தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். 1893 வாக்கில் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோன்கா இருவரும் இதைத் தனித்தனியே செய்து காட்டினார்கள். பூக்காரி ஒருத்தி வாயால் ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத்தான் ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை வந்தது என்றொரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, விளக்கம் என்ற அளவில் கச்சிதமானது.

சிக்கல் வண்டி நிற்கும்போதுதான் வருகிறது. ஓடும்போது காற்று நிறைய, உறிஞ்சும் பலமும் நிறைய. ஆக்ஸிலேட்டரை விட்டதும் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடு இறங்கி வழியை அடைத்துவிடுகிறது. மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கிற அளவுக்குக் காற்று வருவதில்லை. ஆகவே ஐடிலிங்குக்கென்றே தனியாக ஒரு பாதை, அதற்கு ஒரு ஸ்லோ ஜெட். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. அதன் பக்கத்தில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஏர் ஸ்க்ரூ. உள்ளே முழுக்க மெதுவாக முடுக்கிவிட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இதுதான் ஆரம்பக் கணக்கு. அதற்கப்புறம் காது சொல்கிறபடி.

ஏன் காதை நம்ப வேண்டும்? வண்டி எங்கே ஓடப்போகிறது என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டர் உயரத்தில். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி அங்கே ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. சென்னையில் டியூன் செய்த வண்டி அங்கே ஏறினால் பெட்ரோல் கூடிப்போய்ப் பிளக்கில் கரி கட்டும். சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஒரே கலவை சரிவராது. வண்டியைப் படைத்தவர் கடைசி முடிவை அதை ஓட்டுகிற ஊருக்கு விட்டுவைத்தார். அந்த விட்டுக்கொடுத்தலின் வடிவம்தான் ஏர் ஸ்க்ரூ.

இந்த அமைப்பு நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழியும் சுவாரஸ்யமானது. 1927இல் இங்கிலாந்தின் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் சேர்ந்து அமல் ஆயின. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அமலில்தான் மூச்சுவிட்டன, புல்லட் உட்பட. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. 1960இல் ஜப்பானின் மிகுனி, அமலிடம் உரிமம் வாங்கி அந்த ஸ்லைடு கார்புரேட்டரைத் தன் கைவண்ணத்தில் செய்ய ஆரம்பித்தது. 1985இல் மிகுனியின் கூட்டோடு சென்னையில் யூகால் தொடங்கப்பட்டது. அதன் 'மிக்கார்ப்' பின்னாளில் புல்லட்டிலேயே ஏறியது. பர்மிங்காம் பக்கத்து யோசனை தோக்கியோவைச் சுற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்து, தன் சொந்த வண்டியில் மறுபடி உட்கார்ந்தது. வழியில் எத்தனையோ மாறினாலும் ஒன்று மாறவில்லை: பக்கவாட்டில் அந்த ஸ்க்ரூ.

1980இல் டிவிஎஸ் 50, 1985இல் ஆர்எக்ஸ் 100, அதே வருடம் சிடி 100 என்று வரிசையாக வந்தபோது, சிற்றூர்களில் மெக்கானிக் கடைகள் பெருகின. பாடப்புத்தகம் இல்லாமல் ஒரு நோயறிதல் முறையே உருவானது. ஸ்லோவில் நிற்காத வண்டியில் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது அதன் முதல் விதி. பெட்ரோல் சரியாக இறங்குகிறதா? பிளக் என்ன நிறம்? கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். சோக் போட்டால் மட்டும் நிற்கிறதா? அப்படியானால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்திருக்கும். ரேஸ் கொடுத்து விட்டபின் வேகம் இறங்க மறுக்கிறதா? கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கோ "ஏர் புடிக்குது". ஓரத்தில் பெட்ரோல் வழிகிறதா? ப்ளோட்டைப் பார். இதையெல்லாம் பார்க்காமல் ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி, கத்தவிட்டு அனுப்புகிறவருக்குத் தொழிலில் மரியாதை கிடையாது. நோய் அப்படியே இருக்கும், சத்தம்தான் கூடியிருக்கும்.

நெசவுக்கும் இதற்கும் உறவு உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால், தறி செய்த ஆசாரியைத் தேடி யாரும் போவதில்லை. நெய்கிறவரே முடிந்துகொள்வார். கருவியைச் சரிசெய்யும் அறிவு அதை வைத்துப் பிழைக்கிறவரின் பக்கத்திலேயே இருந்தது.

பிறகு அரசு வந்தது. நியாயமான காரணத்தோடு வந்தது. சரியாக எரியாத பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. நகரங்களின் மூச்சு அதில் திணறியது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், டூவீலரின் ஐடிலிங் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றன. 31 மார்ச் 2000க்குப் பின் தயாரான வண்டிகளுக்கு 3.5 சதவீதம். அளவிடுவது வண்டி ஸ்லோவில் நிற்கும்போது என்பதைக் கவனியுங்கள். அதாவது, அரசு எந்திரத்துக்குள் எட்டிப்பார்த்த இடமும் அதே ஸ்க்ரூதான். நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? சோதனைக்கு முன் காற்றைக் கூட்டு, சர்டிபிகேட் வாங்கு, திரும்ப வந்து பழையபடி வை. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

திருப்ப முடிவதை எல்லாம் திருப்புவார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 1978 மாடல்களிலிருந்து மோட்டார் சைக்கிள் புகைக்குக் கட்டுப்பாடு வந்ததும், கம்பெனிகள் அந்த ஸ்க்ரூவின் மேல் மூடி அறைந்தன. இங்கே மூடி இன்னும் நேர்த்தியாக வந்தது. 2006இல் கிளாமர் எஃப்ஐ, 2009இல் கிளாசிக் 500 என்று பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் வண்டிகள் வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் பெரும்பாலான புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டரே போய்விட்டது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் இப்போது ஒரு மென்பொருள் அட்டவணை.

மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். அந்த அட்டவணை ஸ்க்ரூவைவிடச் சிறப்பாக வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காற்றழுத்தத்தையும் சூட்டையும் அளந்து, ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டு, காவலூர் ஏறும்போதே கலவையைத் திருத்திக்கொள்கிறது. புகையும் குறைவு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பின்னால் போனவர்கள் யாரும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கலவையைத் திருத்துகிற வேலை முடிந்துபோகவில்லை. 2023இல் பங்குகளுக்கு வந்த பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு ஒன்றுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே புது எரிபொருளுக்குத் தேவை சுமார் 13.5தான். பழைய கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே காற்றைக் கொடுக்கிறது. காற்று மிஞ்சி, ஐடிலிங் தடுமாறுகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். டெல்லியில் எடுத்த முடிவு ஒன்று கலசப்பாக்கத்தில் ஸ்லோவில் நிற்காத வண்டியாக வந்து சேர்கிறது. மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே முடுக்குகிறார். தேவைப்பட்டால் ஒரு நம்பர் பெரிய ஜெட் போடுகிறார். அரை மணி நேர வேலை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எஃப்ஐ வண்டி இதைத் தானே செய்துகொள்ளும், சென்சார் உயிரோடு இருக்கும்வரை. அது போனால் ஸ்க்ரூ டிரைவர் உதவாது. ஸ்கேனர் வேண்டும், அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மெக்கானிக்கின் காதுக்குக் கேட்கிற கோளாறு, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். கையேடுகளும் உதிரிபாக விவரங்களும் அங்கே கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் கையேட்டைப் படித்தபின் கலவையைத் திருத்துகிற வழியும் திறந்திருக்க வேண்டும்.

கார்புரேட்டர் திரும்பி வர வேண்டியதில்லை. அதோடு வந்த ஏற்பாடு, அதாவது கடைசிக் கால் சுற்றை ஓட்டுகிற ஊரே முடிவு செய்யட்டும் என்பது, புது வண்டிகளிலும் ஏதோ ஒரு வடிவில் வேண்டும். காற்றை மாசுபடுத்தாத எல்லைக்குள், செலவு கட்டுப்படியாகிற ஒரு கருவியோடு அதைச் செய்துகொடுப்பது எங்களைப் போன்றவர்களின் தொழிலுக்குப் பெரிய காரியமில்லை. கலசப்பாக்கத்து மெக்கானிக்குக் காது ஏற்கெனவே இருக்கிறது.